உருண்டையில் அதிகமாயிருந்த தீவு

எங்கள் வீட்டு உலக உருண்டையில், இந்துமாக் கடலில் ஒரு தீவு அதிகமாக இருந்தது. இலங்கைக்கு நேர் தெற்கே, மிளகு அளவில், சிவப்பாக. அதைக் கண்டுபிடித்த பெருமை என் அம்மாவைச் சேரும். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு உருண்டையையும் அடுக்கி, எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல அதற்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தாள். மறுநாள் துடைத்தபோது சந்தனம் போய்விட்டது. குங்குமச் சாயம் மட்டும் கடலில் ஊறி நின்றுவிட்டது. அம்மா பொட்டு வைத்ததைத் தங்கை கவனிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் சுண்டலில்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் அப்பா வாங்கிவந்த உருண்டை அது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு எட்டு. டவுனில் பள்ளி விட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்து இறங்கியதும், பையை வீசிவிட்டு இரண்டு பேரும் உருண்டைக்கு ஓடுவோம். கண்ணை மூடிச் சுற்றிவிட்டு, விரலை வைத்து நிறுத்த வேண்டும். தரையில் விழுந்தால் கணக்கில்லை, தண்ணீரில் விழுந்தாலும் கணக்கில்லை, தீவில் விழுந்தால்தான் ஜெயம். மொரீஷியஸ், மாலத்தீவு, மடகாஸ்கர் எல்லாம் எங்கள் கூடத்துக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தன. அட்லஸைப் பார்த்து நான் வாசிக்க வாசிக்க, அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். ஒருநாள், "இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். நாமளும் தீவுலதானே இருக்கோம்? அப்புறம் ஏங்க்கா நம்ம ஊரைக் காணோம்?" என்றாள். "சின்னத் தீவையெல்லாம் போட மாட்டாங்கடி" என்றேன். அதுவரை நான் சொன்னதெல்லாம் உண்மைதான்.

அந்தச் சிவப்புப் புள்ளியில் அவள் விரல் வந்து நின்ற நாளில்தான் வினை தொடங்கியது. "அக்கா, இது என்ன தீவு?" அம்மா வைத்த பொட்டுடி என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வாய் சும்மா இருந்தால்தானே! "மாதுளைத் தீவு" என்றேன், கூசாமல். அங்கே வீட்டுக்கு வீடு வாசலில் சைக்கிளுக்குப் பதில் படகு நிற்கும். பெரிய மழை பெய்தால் பள்ளிக்கூடமே மிதந்து இடம் மாறிவிடும், பிள்ளைகள் தேடிக்கொண்டு போக வேண்டும். அவள் கேட்கக் கேட்க எனக்கும் வந்துகொண்டே இருந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்பாள் அம்மா. நான் அந்த விஷயத்தில் கெட்டிக்காரி.

சில மாதம் கழித்து, அவள் வகுப்பில் டீச்சர் இந்துமாக் கடலில் நான்கு தீவுகள் கேட்டிருக்கிறார். மூன்றைச் சரியாகச் சொன்னவள், நான்காவதாக மாதுளைத் தீவு என்றிருக்கிறாள். மேப்பில் அப்படி ஒன்றும் கிடையாதே என்று டீச்சர் சொல்ல, "ஸ்ரீரங்கம்கூடத் தீவுதான் டீச்சர், அதுவும் மேப்புல இல்லையே" என்று மடக்கியிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. யார் சொன்னது என்று கேட்டதற்கு, எங்கக்கா என்றாள். என்னைக் கூட்டிவர ஆள் வந்தது.

என் வகுப்புக்கு நான்தான் லீடர். புவியியலில் எப்போதும் முதல் மார்க். அந்த டீச்சருக்கு நான் செல்லப்பிள்ளை. அத்தனை பேர் முன்னால் நின்று, "நான் அப்படி எதுவும் சொல்லலை டீச்சர்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எத்தனை சுலபம்! தங்கை என்னை ஒருமுறை பார்த்தாள். அப்படியே தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று பஸ் பாலத்தைக் கடக்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு உருண்டையை அவள் தொடவும் இல்லை. வகுப்பில் 'புளுகு மூட்டை' என்ற பெயர் மட்டும் பத்தாவது வரை ஒட்டிக்கொண்டது. கேள்வி கேட்டால் முதலில் கை தூக்கியவள், பதில் தெரிந்தாலும் குனிந்து உட்கார்ந்திருப்பாளாம். என்மேல் கோபம் என்று நினைத்து, தானாக ஆறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கத் துணிவில்லை என்பதுதான் நிஜம். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம். இரண்டு பேரும் திருச்சியிலேயே இருந்தோம், வாரம் ஒருமுறை பேசினோம், அதை மட்டும் பேசவில்லை.

போன சரஸ்வதி பூஜைக்குத் தில்லைநகரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் செல்போன் திரையில் உலகத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, ஏதோ ஒரு தீவின் தெருக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு மாதுளைத் தீவு ஞாபகம் வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய், சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தவளிடம், அன்றைக்கு டீச்சர் முன்னால் நான் செய்தது பெரிய பாவம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"பாவமா? அது நம்ம ரெண்டு பேரோட தீவு, வெளியில சொல்லக் கூடாதுன்னுதான் நீ இல்லைன்னு சொன்னேன்னு நினைச்சேன். நான்தான் எல்லார் முன்னாடியும் உளறிட்டேன். இனிமே நீ என்னைச் சேர்த்துக்க மாட்டேன்னு பயந்துதான் உருண்டைகிட்டயே வரலை. நீயும் கூப்பிடலையா..." என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எட்டு வயதுக் குரலில் கேட்டாள்: "ரொம்பக் கோவமாக்கா அப்ப?"