சைலன்சர் பக்கத்துச் சந்தனம்

திருத்தணியில் புது வண்டி வாங்குகிறவர்கள் பலபேர் மலையேறுமுன் அடிவாரத்தில் எங்கள் பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்திப் பூசை போடுவார்கள். பூசாரி என் வீட்டுக்காரர். பூசை முடிகிறவரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; சாமி முன்னால் வண்டி அணைந்தால் ஆகாதாம். இவர் முன்பக்கம் மாலை போட்டுவிட்டு, பின்னால் போய்க் குனிந்து நம்பர் பிளேட்டுக்குச் சந்தனம் வைப்பார். சைலன்சர் நேராக மூஞ்சியில் ஊதும்.

போன தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரக்கோணத்து டாக்டரம்மா, இருதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பீடியக்கூட தொட்டதில்லைங்க. இவருக்கு எப்படிம்மா?"

டாக்டரம்மா தொழிலை விசாரித்தார். வண்டிப் பூசையையும் சைலன்சர் புகையையும் சொன்னேன். இவர் பெருமையாக, "பொகையெல்லாம் உள்ள போவாதும்மா. ஈரத்துண்டு கட்டிகினுதான் பூசை செய்வேன்" என்றார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கரி துண்டுல நிக்கும். வாயு நிக்குமா?"

அந்த வாயு நுரையீரலைப் புண்ணாக்குமாம். அந்தக் கோளாறு ரத்தத்தோடு போய், குழாயின் உள்பக்கம் மெல்லிசாகப் படிந்திருக்கும் செல்களையும் கெடுக்குமாம். குழாயை இளக வைப்பதே அந்தச் செல்கள்தான். அவை கெட்டால் குழாய் இறுகும், கொழுப்பு சேரும், ரத்தம் கட்டும்.

"பழகின தோசைக்கல்லைக் கம்பி நாரால தேய்ச்சா மாவு ஒட்டிக்கும் இல்ல, அப்படி."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இவர் என் பக்கம் திரும்பி, "ஏம்மே, ராவுக்கு தோசையா?" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்ய!

அடுத்த முகூர்த்த நாளில் நானும் கூடப் போய் நின்றேன். முதலில் வந்தது ஒரு பெரிய வேன்.

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. அப்பாலதான் கற்பூரம்" என்றேன்.

வேன்காரர் எகிறினார். "இன்னாம்மா பேசறே? சாமி முன்னாடி ஆஃப் பண்ணா வெளங்குமா? திரும்ப ஸ்டார்ட் ஆவலைன்னா?"

"வுடுமே, ஒரு வண்டிதானே" என்று இவர் துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்க் குனிந்தார். கத்தியே விட்டேன்.

"உங்க வண்டி ஸ்டார்ட் ஆவலைன்னா நாலு பேரு தள்ளிவுடுவாங்க. இவரு நெஞ்சு நின்னுபோச்சுன்னா யாருங்க தள்றது?"

வேன்காரர் இவரைப் பார்த்தார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். பின்னால் காத்திருந்த வண்டிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.