கிராஞ்சி வேலியோரத்து மணத்தக்காளி

சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் கிராஞ்சிக்குச் சிலர் பறவை பார்க்கப் போவார்கள், சிலர் ஆட்டுப் பண்ணை பார்க்கப் போவார்கள். நான் போன மார்ச் பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை, கீரை வாங்கப் போனேன்.

என் மனைவி கவிதாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த காணொளிகளைப் பார்த்துவிட்டு முதலில் டோஃபுவை நிறுத்தினாள், சோயா மரபணு மாற்றியதாம். அடுத்து சோளம் போனது. பிறகு களைக்கொல்லிக் காணொளிகள் வர ஆரம்பித்தன, கீரையும் காய்கறியும் போயின. கடைசியில் வீட்டில் மிஞ்சியது கஞ்சியும் வாழைப்பழமும்தான். பரிசோதனைக்குப் போனபோது எடை ஏறவில்லை, ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பயந்துகிட்டே சாப்பிட்டா உள்ள இறங்க மாட்டேங்குதுங்க. எனக்கு மட்டும்னா பரவால்ல," என்றாள், வயிற்றில் கை வைத்தபடி. அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த எனக்கும் பயம் வந்துவிட்டது. அவள் நம்பிச் சாப்பிடக்கூடிய கீரையோடுதான் திரும்புவேன் என்று பெரிய வீரன் மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயிலில் நேராக லிட்டில் இந்தியா, அரை மணி நேரம். அங்குள்ள தேக்கா சந்தையில் நாங்கள் வழக்கமாக வாங்குவது நாசிர் பாய் கடையில். அவர் அப்பா காலத்திலிருந்து அங்கே கடை.

"பாய், இந்தக் கீரை மரபணு மாத்தினதா?"

அவர் முளைக்கீரைக் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கீரைக்கு யாரு தம்பி அவ்ளோ செலவு பண்ணுவா? சோயா, சோளத்துக்குன்னா கேளுங்க."

"களைக்கொல்லி?"

"அது மலேசியாவுலேர்ந்து வருது, நான் இங்க நிக்கிறேன். எப்படி சத்தியம் பண்றது? சந்தேகமா இருந்தா கிராஞ்சியில மலர் அக்கா தோட்டத்துக்குப் போங்க லா. கண்ணால பாத்து வாங்கலாம்."

நியாயமான பதில். தேக்காவிலிருந்து 170ஆம் எண் பேருந்து கிராஞ்சி ரயில் நிலையம் வரை போகிறது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அந்தப் பேருந்து எங்கள் வீட்டுப் பக்கமாகவேதான் போகிறது என்பதைப் பாதி வழியில், எங்கள் பேட்டையைக் கடக்கும்போது கண்டுபிடித்தேன். நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு டாக்சிக் கட்டணம் பன்னிரண்டு வெள்ளி. ஓட்டுநர் சீனப் பெரியவர். கீரை வாங்கப் போகிறேன் என்றதும் ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கிறதா என்று கேட்டார்.

மலர் அக்கா முன்பு வங்கியில் இருந்தவர். இப்போது குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கையால் களை பிடுங்கிக் கீரை வளர்க்கிறார். பாத்திகளைச் சுற்றிக் காட்டினார், என் கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். எல்லாம் திருப்தியாகக் கேட்டு முடித்து, நாலு கட்டு வேண்டும் என்றேன்.

"காலையிலயே முடிஞ்சிருச்சே தம்பி. இனிமே செவ்வாய்க்கிழமைதான் அறுப்போம். போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல?"

வாசலுக்கு வந்து டாக்சிக்குச் செயலியைத் தட்டினால் அது சுற்றிக்கொண்டே இருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அப்போதுதான் அதைப் பார்த்தேன். வேலிக்கு வெளியே, சாலையோரம், தளதளவென்று மணத்தக்காளி. நம் ஆட்களுக்குத் தானாக முளைத்த கீரை என்றால் தனி மரியாதை. யாரும் விதைக்கவில்லை, உரம் போடவில்லை, எந்த விஞ்ஞானியும் அதன் மரபணுவைச் சீண்டவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பை நிறையப் பறித்தேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

மலர் அக்கா தன் வண்டியை வெளியே எடுத்தவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். "அதை எங்க பறிச்சீங்க?"

"இங்கதான்கா, வேலியோரம்."

அவர் சாலையின் அந்தப் பக்கத்தைக் காட்டினார். அங்கே புல் ஒரே நேர்கோட்டில் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. "போன வாரம் பக்கத்து நர்சரிக்காரங்க அந்தப் பக்கம் களைக்கொல்லி அடிச்சாங்க. இந்தப் பக்கம் நேத்துதான் அடிச்சாங்க. வாட நாலஞ்சு நாள் ஆகும்."

களைக்கொல்லி படாத கீரையைத் தேடி ஊர் முழுக்கச் சுற்றிய நான், களைக்கொல்லி பட்டது நிச்சயம் என்று தெரிந்த ஒரே கீரையைப் பை நிறையப் பறித்திருக்கிறேன். பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த அரைக்கீரைக் கட்டைக் கொடுத்து, நிலையம் வரை கொண்டுவந்தும் விட்டார்.

வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கவிதா சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அப்படி, மூச்சு வாங்க. பிறகு கீரையை ஆயத் தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். ஓர் ஓட்டை இலையில் பச்சைப் புழு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. சாதாரணமாகப் புழுவைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவள், இலையோடு என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தீங்களா, உயிரோட இருக்கு. அது சாப்பிட்டிருக்கு, நானும் சாப்பிடுவேன்."

கிராஞ்சி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்கூட்டியே போன் செய்யுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். திரும்பி வர டாக்சி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரபணு மாற்றமும் களைக்கொல்லியும் வேறு வேறு கேள்விகள், தனித்தனியாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, ஆனால் பதில் வரும்வரை பட்டினி கிடக்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். சாலையோரத்தில் எதையும் பறிக்காதீர்கள், அபராதமும் வரலாம்.

இன்னொன்று. களைக்கொல்லி செடியைக் கொல்வதற்கு, புழுவைக் கொல்வதற்கு அல்ல. புழு உயிரோடு இருப்பதால் கீரையில் களைக்கொல்லி இல்லை என்று ஆகிவிடாது. இது அன்றைக்கே எனக்குத் தெரியும். கவிதா இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டிருந்தாள், அதனால் சொல்லவில்லை.