அம்சமும் அசல் ஐ.சி.யும்

பாபநாசத்துக்குக் கிழக்கே ஆவணியூர்க் கடைத்தெருவில் 'ரெத்தினம் சவுண்ட் சர்வீஸ்' என்று ஒரு பலகை தொங்கியது. ரெத்தினத்துக்குக் குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் ஏற்றிக் கட்டத் தெரியும். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று கம்பீரமாகச் சொல்லத் தெரியும். மற்ற எல்லாம் அவர் மனைவி அம்சத்துக்குத் தெரியும். இது ஊருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது.

செட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள். சால்டரிங் கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அம்சத்தைப் பார்த்துவிட்டு, "சார் இல்லீங்களா?" என்பார்கள்.

"சார் டீக்குப் போயிருக்காரு. என்ன கோளாறு, சொல்லுங்க."

"பரவால்லம்மா, சார் வரட்டும்."

சார் வருவார். செட்டின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். "ஐ.சி. போயிருச்சு. நாளைக்கு வாங்க" என்பார். ஒயர் அறுந்திருந்தாலும் ஐ.சி.தான், எலி கடித்திருந்தாலும் ஐ.சி.தான். வந்தவர் திருப்தியோடு போவார். செட் அம்சத்தின் மேஜைக்கு வரும்.

அம்சம் கொருக்கைத்தோப்பில் பிறந்தவள். அப்பன் கூலிக்கு நாற்று சுமந்தவர். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் தையலுக்கு விண்ணப்பம் போட்டவளுக்கு அங்கே இடம் நிரம்பிவிட்டதால் எலக்ட்ரானிக்ஸில் இடம் கொடுத்தார்கள். பெண்கள் முன்னேற்றத்துக்கு அரசு செய்த உதவிகளில் இது ஒன்று. தவறுதலாக நடந்ததால் உருப்படியாக நடந்தது.

அந்த வட்டாரத்து மைக் செட்களில் எல்லாம் அப்போது எஸ்.டி.கே. என்கிற ஐ.சி.தான் இருந்தது. விரல் நீளத்தில் கறுப்பாக, முதுகில் அலுமினியத் தகடும் கீழே வரிசையாகக் கால்களுமாக இருக்கும். மைக்கில் வரும் முனகலை நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஆக்குவது அதன் வேலை. பேசியே ஆட்சியைப் பிடித்த நாட்டில் அதற்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்க வேண்டும்! ஆட்சி மாறும்போதெல்லாம் மேடையில் கொடி மாறும், துண்டு மாறும், வாழ்க மாறும், ஒழிக மாறும். மேடைக்குப் பின்னால் பெட்டிக்குள் இருந்த எஸ்.டி.கே. மட்டும் மாறவில்லை. அந்த ஒரு பதவிக்கு யாரும் போட்டியிடவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டி ஜப்பான்காரன் அதைச் செய்வதை நிறுத்திவிட்டான். நிறுத்திய பிறகுதான் சரக்கு தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. தஞ்சாவூரில் ஒரு கடைக்காரர் அம்சத்திடம் கேட்டார்: "ஒரிஜினல் வேணுமாம்மா, ஜப்பான் ஒரிஜினல் வேணுமா, டபுள் ஒரிஜினல் வேணுமா?"

"டபுள் ஒரிஜினல்னா?"

"அதுல ஸ்டிக்கர் இருக்கும்."

அம்சம் கெட்டிக்காரிதான். ஆனாலும் ஸ்டிக்கர் இருந்ததையே வாங்கி வந்தாள். தன்னிடம் இருந்த இரண்டு செட்டுக்கும் அதையே மாட்டினாள்.

இங்கேதான் கொருக்கைத்தோப்பு நிலத்தின் கதையைச் சொல்ல வேண்டும். கோயில் நிலம் அது. அம்சத்தின் அத்தை காத்தாயியும் தெருக்காரர்களும் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத பூமி. குத்தகையைப் பதிவு செய்துதரச் சொல்லி ஒவ்வொரு ஜமாபந்தியிலும் மனு கொடுப்பார்கள். ஒவ்வொரு ஆட்சியும் மனுவை அன்போடு வாங்கிக்கொள்ளும். உழுபவனுக்கே நிலம் என்பதில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதனால்தான் யாரும் அவசரப்படவில்லை. அந்த வருஷம் நெடுஞ்சாலை அந்தப் பக்கமாகத் திரும்பப்போவதாகப் பேச்சு வந்தது. உடனே ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் தியாகராசனுக்கு அந்த வயல்கள் வயல்களாகத் தெரியாமல் மனைகளாகத் தெரிய ஆரம்பித்தன. குத்தகைக்காரர்களை வெளியேற்றிவிட்டு நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு ஏலம் விடப்போகிறார்கள் என்று செய்தி பரவியது.

விவசாயத் தொழிலாளர் சங்கம் கடைத்தெருவில் ஆர்ப்பாட்டம் வைத்தது. ரெத்தினம் செட். காத்தாயி பேச எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை. "எங்க பூட்டன் கரம்பு வெட்டுன மண்ணு இது..." என்று ஆரம்பித்தாள். குழாய் ஒரு தரம் கரகரத்தது, ஓய்ந்தது. பெட்டியிலிருந்து புகை வந்தது.

சங்கத் தலைவர் மேஜைமேல் ஏறிவிட்டார். "பாருங்கள் தோழர்களே! ஏழையின் குரல்வளையை நெரிக்கிறது இந்த அரசு!"

"அரசு இல்லீங்க, டூப்ளிகேட் ஐ.சி." என்றாள் அம்சம். அவளுடைய விளக்கத்தில் எழுச்சி இல்லை. அதனால் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் ஆளுங்கட்சியின் விளக்கப் பொதுக்கூட்டம். அதே இடம், ரெத்தினத்தின் இன்னொரு செட். சென்னையிலிருந்து வந்த பேச்சாளர் அரசின் சாதனைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சாதனைகள் நிறைய இருந்ததால் ஐ.சி. தாங்கவில்லை. மறுநாள் காலையில் தியாகராசன் நாலு பேரோடு கடைக்கு வந்தார்.

"ரெத்தினம், சங்கத்துக்காரன்கிட்ட என்ன வாங்குன? இது நாசவேலை."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சங்கத் தலைவரும் வந்து சேர்ந்தார். "தியாகராசன் உனக்கு என்ன செஞ்சான்? எங்க கூட்டத்துல கரெக்டா காத்தாயி பேசுறப்ப நிறுத்துறியே?"

ரெத்தினம் இருவரையும் பார்த்து, "ஐ.சி. போயிருச்சுங்க" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் யாரும் நம்பவில்லை.

அம்சம் எரிந்துபோன ஐ.சி.யை இருவர் முன்னாலும் வைத்துச் சுத்தியால் ஒரு போடு போட்டாள். மூடி பிளந்தது. உள்ளே விரல் நீளத்துக்கும் பரவி இருக்க வேண்டிய பாகங்கள் இல்லை. ஒரு மூலையில் மிளகு அளவில் ஒரு சில்லு மட்டும் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மிச்சமெல்லாம் வெறும் இடம்.

"கல்யாண மண்டபத்தைப் பிடிச்சு ஒரே ஒரு ஆளை உக்கார வச்ச மாதிரி இருக்கு பாருங்க. இவன் எப்படிங்க ரெண்டு மணி நேரம் பேச்சைத் தாங்குவான்?"

தியாகராசன் குனிந்து பார்த்தார். "இதைப் பண்ணது சங்கத்துக்காரனா?" என்று கேட்டார்.

அம்சம் அசல் ஐ.சி.யைத் தேடி நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஹபீப் முகம்மது சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்து ஓய்ந்துபோன பாட்டு டெக்குகளை வாங்கிக் குவித்து வைத்திருந்தார். பாதிச் சரக்கு கடல் ஊருக்குள் வந்த வருஷம் உப்புத்தண்ணீர் குடித்தது.

"எஸ்.டி.கே.யா? இருக்கும்மா. ஆனா தனியாக் கழட்டித் தரமாட்டேன். டெக்கோட எடுத்துக்க. முதல்ல பாட்டைக் கேளு" என்று ஒரு பெரிய சிங்கப்பூர் டெக்கை முடுக்கினார். பாட்டு வந்தது. அம்சம் பாட்டைக் கேட்கவில்லை. பின்பக்க மூடியைத் திறந்து அந்த ஐ.சி.யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தைத் தின்னரில் நனைத்த பஞ்சால் தேய்த்தாள், அழியவில்லை. நகத்தால் சுரண்டினாள், எதுவும் உரியவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நகைக்கடையில் கலங்குகிற பெண்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

டெக்கை மடியில் வைத்தே பஸ்ஸில் வந்தாள். வீட்டில் விளக்கின் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு காலாக ஈயத்தை உருக்கினாள். கடைசிக் கால்களுக்கு வந்தபோது ரெத்தினம், "என்ன, கழண்டுருச்சா?" என்று தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். அவள் அவசரப்பட்டு நெம்பினாள். இரண்டு கால் வேரோடு ஒடிந்தது. தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடைக்காத அசல் ஐ.சி., அசல் குப்பை ஆனது.

"அது பழசு, அதான்" என்றார் ரெத்தினம் ஆறுதலாக.

"நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள் அம்சம்.

இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒடிந்த ஐ.சி.யின் மூடியைப் பிரித்தாள். டூப்ளிகேட்டைப் பிளந்தவளுக்கு அசலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. உள்ளே டிரான்சிஸ்டர்களும் ரெசிஸ்டர்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பயிற்சி நிலையத்தில் பலகையில் வரைந்து காட்டிய அதே ஆம்ப்ளிஃபயர்தான். ஜப்பான்காரன் அதைச் சின்னதாக மடித்து மூடியிருக்கிறான், அவ்வளவுதான். பெரிதாக விரித்து வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

தனித்தனி டிரான்சிஸ்டர் போர்டு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததுதான். வேனில் பாட்டுப் போடுகிற பையன்கள் எல்லாம் '5200, 1943' என்று எண் சொல்லி ஜோடி ஜோடியாக வாங்கி மாட்டுவார்கள். எஸ்.டி.கே.க்குப் பதில் எஸ்.டி.கே.யையே தேடியதால் அது அவள் கண்ணில் படவில்லை. அம்சம் அந்த ஜோடிகளை வைத்துப் போர்டு கட்டினாள். சூடு தணிய, பெட்டியின் முதுகை வெட்டிப் பெரிய அலுமினிய விசிறித் தகடு ஒன்றை வெளியே துருத்தி நிற்க வைத்தாள்.

"கம்பெனி போட்டதை மாத்துறியே, பாக்க நல்லாவா இருக்கு?" என்றார் ரெத்தினம்.

முதல் போர்டு போட்ட உடனே குழாய் ஸ்பீக்கரின் ஹாரன் யூனிட் ஒன்றைக் கருக்கியது. மின்சாரம் பாட்டாகப் போகாமல் நேராகவே ஸ்பீக்கருக்குள் போய்விட்டது. ரெத்தினத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தெருவெல்லாம் போய், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அம்சம் ஸ்பீக்கரைக் காக்க, கோளாறு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ரிலே ஒன்றை வைத்தாள். இரண்டாவது போர்டு பாடியது. அது வரைக்கும் ஆவணியூர் மைக் செட்டில் கேட்காத சங்கதிகள் எல்லாம் கேட்டன. பேசுபவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

இதற்குள் நிலத் தகராறு முற்றி, தாசில்தார் தலைமையில் கல்யாண மண்டபத்தில் அமைதிக் கூட்டம் ஏற்பாடானது. எந்தச் செட்டை வைப்பது என்பதிலேயே அமைதி குலைந்தது. தியாகராசன் சொன்ன செட்டைச் சங்கம் ஏற்கவில்லை, சங்கம் சொன்னதை இவர் ஏற்கவில்லை. கடைசியில், இரண்டு பக்கத்தையும் சமமாகக் கெடுத்தவர் என்ற முறையில் ரெத்தினத்தை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். உள்ளே இடம் போதாது என்பதால் தெருவில் நிற்பவர்களுக்கு இரண்டு ஹாரன் கட்டச் சொன்னார் தாசில்தார். வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று அவரே வாயால் சொன்னார்.

காத்தாயியும் தெரு ஜனங்களும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அம்சம் செட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மேடையில் தாசில்தாரும் தியாகராசனும் அமர்ந்து, கோயில் அலுவலர் வரும்வரை காத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் மேஜைமேல் மைக் இருந்தது. பல வருஷப் பழக்கத்தில் அவர்கள் மைக்கை ஒரு பூச்செண்டாகத்தான் நினைத்தார்கள். வாயை ஒட்டி வைத்துக் கத்தினால்தானே கேட்கும்!

தியாகராசன் தாசில்தார் பக்கம் சாய்ந்தார். மண்டபத்திலும் தெருவிலும் அவர் குரல் தெளிவாக விழுந்தது: "சார், ஜனங்க ரொம்பக் கோவமா இருக்கு. சமாளிச்சிருவீங்கள்ல?"

"நாலு பேரைப் பேச விடுவோம். பேசிக் களைச்சு அவங்களே போயிருவாங்க. எல்லாரும் சம்மதம்னு நேத்தே எழுதி வச்சிட்டேன்."

"உங்களுக்குக் கார்னர் மனை சார். கிழக்குப் பார்த்தது."

ரெத்தினம் பாய்ந்து வந்து, "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!" என்று அம்சத்திடம் கிசுகிசுத்தார். அம்சத்தின் கை சுவிட்சுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. பயந்தாள் என்பதுதான் உண்மை. ஆனாலும் அமுக்கவில்லை.

தாசில்தார் நிமிர்ந்து, "என்ன எல்லாரும் அமைதியா இருக்கீங்க?" என்றார். அதுவும் இரண்டு தெருவுக்குக் கேட்டது.

காத்தாயி உள்ளே நடந்து வந்தாள். மைக்கிடம் போகவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"ஐயா, கிழக்குப் பாத்த கார்னர்னா எங்க வரப்புல எந்த மூலைங்க? அதுல இப்ப நாத்து நிக்குது. எப்பப் புடுங்கிக்கணும்னு சொல்லிட்டீங்கன்னா வசதியா இருக்கும்."

அதன் பிறகு கூட்டம் நடக்கவில்லை. நாற்காலிகள்தான் நடந்தன.

அரசு உடனடியாக விசாரணைக்கு உத்தரவிட்டது. யார் என்ன பேசினார்கள் என்பது தனிப்பட்ட உரையாடல், அதில் அரசு தலையிட முடியாது. எந்த அனுமதியின் பேரில் இவ்வளவு சத்தமாகக் கேட்டது என்பதுதான் கேள்வி. ஆம்ப்ளிஃபயரைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. ரெத்தினத்தை அழைத்து விசாரித்தார்கள். "எனக்கு எதுவும் தெரியாதுங்க, எல்லாம் என் சம்சாரம்தான்" என்று அவர் உண்மையைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, "பொம்பளை மேல பழி போடாதய்யா" என்றார்.

தாசில்தார் தண்டனையாக இன்னும் நல்ல ஊருக்கு மாற்றப்பட்டார். ஏலம் தள்ளிப்போனது. காத்தாயியை மனுதாரராக வைத்துச் சங்கம் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியது. நம் ஊரில் இடைக்காலம் என்பது பேரப்பிள்ளைகள் வரை போகும் என்பதால் கொருக்கைத்தோப்பில் நிம்மதியாகச் சம்பா நட்டார்கள். தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. தியாகராசன் தோள்துண்டின் கரையை மாற்றிக்கொண்டு மறுபடியும் ஆளுங்கட்சியில் இருந்தார். அவருடைய முதல் கூட்டத்துக்கு ரெத்தினம் செட்டைத்தான் கேட்டார். "ஆனா, நான் சைகை காட்டுறப்ப மட்டும் ஆன் பண்ணுங்க" என்று அம்சத்திடம் நேராகவே சொன்னார். ஊரில் சாரைக் கேட்காமல் அவளிடம் பேசிய முதல் ஆள் அவர்தான்.

ஆயுத பூஜை அன்று பறிமுதலான பெட்டியைத் திரும்பக் கேட்டு அம்சம் காவல் நிலையத்துக்குப் போனாள். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளிருந்து பக்திப் பாட்டு கணீரென்று வந்தது. துப்பாக்கிகளுக்கும் லத்திகளுக்கும் நடுவில், முதுகுத் தகட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, அவளுடைய ஆம்ப்ளிஃபயர் பாடிக்கொண்டிருந்தது. சாட்சிப் பொருள் என்ற சீட்டு அதன்மேல் பத்திரமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் பொரிகடலைப் பொட்டலத்தை நீட்டினார். "வாம்மா. சவுண்டு பிரமாதமா இருக்கு. கேஸ் முடிஞ்சதும் தந்துர்றோம். தீபாவளிக்குப் பக்கத்து ஸ்டேஷன்லயும் கேட்டிருக்காங்க."

அம்சம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். குனிந்து பின்பக்கத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்ப சூடாயிருச்சுங்க. ஒரு மணி நேரம் நிறுத்தி வைங்க" என்று சொல்லிவிட்டு, தானே சுவிட்சை அணைத்தாள்.