அக்காவின் லினக்ஸும் பாதி வெட்டிய தலையும்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான் கொக்குவிலில் ஒரு சலூன் கதிரையில் இருந்தேன். ஒரு பக்கத்து முடியை வெட்டிவிட்டு முடிவெட்டும் அண்ணை மறுபக்கம் வரவும், உரும்பிராயிலிருந்து அக்கா அழைக்கவும் சரியாக இருந்தது.

"தம்பி, லப்டொப் எழும்புதில்லை. பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதுகள்."

அக்கா ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. சனிக்கிழமைகளில் நோர்வேயில் உள்ள சிறுவர்களுக்கு இணையத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய பழைய கணினி ஆமைபோல ஊர்ந்ததால் போன வருடம் நான்தான் அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு அது தும்மினாலும் எனக்குத்தான் அழைப்பு வரும்.

"திரையிலை என்ன கிடக்கு?"

"எல்லாம் கறுப்பு. எமேர்ஜென்சி மோட் எண்டு போட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோறது?"

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, மேலே உள்ள வரிகளை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். இடையில் 'பாட்டு' என்று வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பாட்டுப் பதிவுகள் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த பெயர் அது. கணினி எழும்பும்போது அதைத் தேடும். காணாவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

"அக்கா, பக்கத்திலை கொழுவியிருந்த சின்னப் பெட்டி எங்கை?"

"அத்தான் ஆரிட்டையோ படம் ஏத்தக் கொண்டுபோட்டார்."

அத்தான் வரும்வரை காத்திருக்க முடியாது. என்டரை அமத்தச் சொல்லி, கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கணினி எந்தெந்த டிஸ்க்கைத் தேடவேண்டும் என்று எழுதியிருக்கும் கோப்பு திறந்தது.

"இப்ப பாட்டு எண்டிருக்கிற வரியின்ரை தொடக்கத்திலை ஒரு ஹாஷ் போடுங்கோ. அந்த வரியைக் கணினி பிறகு பாக்காது."

"ஹாஷோ? அதென்ன?"

நான் விளக்கத் தொடங்குமுன், கத்தரிக்கோலோடு நின்ற அண்ணை குனிந்து, "போனுக்குக் காசு ரீலோட் போடேக்கை கடைசியா அமத்திற கட்டம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"ஓம் ஓம், கண்டிட்டன்!" அக்காவின் குரலில் இப்போதுதான் உயிர் வந்தது. "உவர் ஆர் கதைக்கிறது?"

"என்ரை தலை வெட்டுறவர்."

"தலையையோ?"

சலூனே சிரித்தது. கோப்பைச் சேமித்து, மறுபடி தொடங்கச் சொன்னேன். அண்ணை கத்தரிக்கோலைக் கீழே வைத்தேவிட்டார்.

"வந்திட்டுது! திரையிலை என்ரை பூப்படம் வந்திட்டுது!"

அழைப்பைத் துண்டிக்க அக்கா மறந்துவிட்டார். சற்று நேரத்தில் பிள்ளைகளின் வணக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. ஏன் பிந்தினீர்கள் என்று ஒரு குழந்தை கேட்டது.

"கணினி பழுதாப்போச்சம்மா. ரீச்சர் இப்பதான் திருத்தினனான்" என்றார் அக்கா, வெகு கம்பீரமாக.

கண்ணாடியில் அண்ணை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் கைபேசியை அணைத்துவிட்டு, மற்றப் பக்கத்தைக் காட்டினேன்.