பிரித்துப் பார்க்காத கட்டு

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டு வந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவர் அயர்ன் மாஸ்டர். குழந்தைத் துணி தைக்கிற கம்பெனி. நாள் முழுக்க நின்று தேய்க்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போது உள்ளே இருந்து குழந்தைச் சட்டையில் அழுத்தி மாட்டுகிற ஒரு டிச் பட்டன் விழுந்தது. காலையில் இருந்து அதன்மேல்தான் நின்றிருக்கிறார். வலிக்கவே இல்லை என்றார். பெருவிரலுக்குக் கீழே பட்டன் அளவுக்கு ஒரு பள்ளம். மஞ்சள் வைத்தோம். மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அந்த இடம் கறுத்தது. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். பஸ்ஸில் வரும்போது அவர் கேட்டார்.

"ஒத்தக் கால்ல நின்னு அயர்ன் போட முடியுமா புள்ள?"

"நீங்க என்ன கொக்கா? பேசாம வாங்க."

ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங்கில் என்னோடு வேலை செய்கிற தாராபுரத்துக்காரி, அவள் மாமனார் காலைக் காப்பாற்றிய ஒரு டாக்டரைச் சொன்னாள். போனோம். டாக்டர் பாதத்தை ரொம்ப நேரம் தொட்டுப் பார்த்தார்.

"ரத்த ஓட்டம் இருக்குதுங்க. முயற்சி பண்ணலாம். ஆனா புண்ணு எலும்புக்கு எறங்கிருச்சுன்னா, நானும் எடுக்கத்தான் சொல்லுவேன். அதையும் இப்பவே சொல்லிர்றேன்."

கறுத்த சதையைச் சுரண்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். ரத்தம் ஊறி வந்து மேசைத் துணியில் வழிந்தது. டாக்டர் நிமிர்ந்து, "ரத்தம் வந்தா சந்தோசப்படுங்க. அந்த எடம் உசுரோட இருக்குது" என்றார்.

நர்ஸம்மா ஒரு பாக்கெட்டைக் கிழித்தது. சின்ன வயசுப் பிள்ளை. உள்ளே வெள்ளையாகச் சதுரமாக ஒன்று இருந்தது. ரொட்டித் துண்டு மாதிரி சின்னச் சின்ன ஓட்டையாக இருந்தது, எடையே இல்லை. எத்தனையோ துணியைத் தொட்டவள் நான். அது துணியும் இல்லை, நாம் வீட்டில் வைக்கிற பஞ்சும் இல்லை. புண்ணுக்குள் வைத்து அழுத்தியதும் சிவந்தது. கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்கள். ரத்தம் அங்கேயே நின்றுவிட்டது.

"இது என்னங்க, நூலா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இல்லீங்க. மீன் தோல்ல இருந்து செய்யறது."

"பொரட்டாசியில மீனச் சேத்திட்டீங்களே."

"வாயில போடலீங்களே. கால்லதான போட்டோம்" என்றது நர்ஸம்மா. டாக்டரும் சிரித்தார். அந்த மாதத்தில் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊசி, மாத்திரை எல்லாம் தனியாகக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை வரைக்கும் கட்டைப் பிரிக்கக் கூடாது, கால் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கால் ஊன்றாமல் இருப்பது அவர் பாடு. பிரிக்காமல் இருப்பது என் பாடு. என் வேலையே புரட்டிப் பார்ப்பதுதான். உள் தையல், வெளித் தையல், கை இடுக்கு எல்லாம் பார்க்காமல் ஒரு பீஸும் என்னைத் தாண்டிப் போகாது. இங்கே எங்கள் வீட்டுச் சோறே அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. அதைப் பார்க்காதே என்கிறார்கள்.

புதன்கிழமை காலையில் கட்டின் ஓரம் மஞ்சளாக நனைந்திருந்தது. பக்கத்து வீட்டுத் தேனிக்காரி எட்டிப் பார்த்தாள்.

"எக்கா, இது சீழுக்கா. தொறந்து தொடச்சு விட்ருங்க. இல்லைன்னா உள்ளாற அழுகிப் போகும்."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். வீட்டுக்காரரும், "பிரிச்சுப் பாத்தர்லாம் புள்ள. போச்சுன்னா போச்சு" என்றார். நூல் வெட்டுகிற டிரிம்மர் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன்.

"காய்ச்சல் இருக்குதுங்களாக்கா?"

"இல்ல கண்ணு."

"கெட்ட வாசம்? கட்டைச் சுத்தி சூடு, செவப்பு?"

முகர்ந்து பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன். "இல்ல."

"அப்படின்னா அந்த மருந்துப் பஞ்சு கரையுதுங்க்கா. அந்தத் தண்ணிதான். மேல இருக்கிற துணிய மட்டும் மாத்துங்க. உள்ள கை வெச்சராதீங்க. எதாவது மாறுனா எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க."

மேல் துணியை மட்டும் மாற்றினேன். அன்றைக்குக் கம்பெனிக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்தார். கூழ் மாதிரி கொஞ்சம் இருந்தது. கழுவினார்கள். அடியில் சிவப்புச் சதை, மாதுளை முத்து மாதிரி பொடிப்பொடியாக ஏறியிருந்தது. கம்பி வைத்து ஆழம் பார்த்தார்.

"எலும்பு தப்பிச்சிருச்சுங்க" என்றார்.

வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னைக்கு வெச்ச துண்டு எங்க கண்ணு? காணமே" என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"கால்லயே கரஞ்சு போச்சுங்க்கா."

"எங்க செக்கிங்குல ஒரு பீஸ் கொறஞ்சா எங்கள நிக்க வெச்சுருவாங்க."

"இங்க கொறஞ்சாத்தானுங்க்கா பாஸாகும்."

அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொல்லிப் பழக்கமில்லை. அது கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் எத்தனை பேருக்குக் கட்டுப் போடப் பாக்கி இருந்ததோ அதற்கு.

அப்புறமும் அந்தத் துண்டு பல தடவை வைத்தார்கள். தடவைக்குத் தடவை சின்னதாக வெட்டி வைத்தார்கள். தை மாதம் புண் மூடியது. இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கவே கூடாது என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டி யாரும் செருப்பைக் கொண்டுவந்தது கிடையாது. நான் விட்டதும் கிடையாது. அவருக்குப் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, நடுவீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவர் தயங்கினார்.

"சாமி படம் இருக்குதே புள்ள."

"சாமிக்குத் தெரியாதா. போட்டுட்டு நடங்க."

இப்போது அவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தால் எனக்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. இரண்டு செருப்புச் சத்தமும் கேட்கிறது.