ஸ்டீரிங் கழன்ற ஞாயிறு

எங்கள் வீட்டுப் பழைய பியட் கார், ஸ்டீரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்த பிறகுதான் தானும் திரும்பும். இப்படி யோசிக்கிற காரில் ஏறமாட்டேன் என்று அம்மா மறுத்துவிட்டாள். ஸ்டீரிங் பாக்ஸைக் கழற்றிச் சரிசெய்ததும் பழவேற்காடு போகலாம் என்று நைனா எனக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வயதில் எனக்கு வேறு கவலையே கிடையாது.

எங்களோடு இருந்த நைனாவின் தங்கை, என் அத்தை, கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்த பம்பு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவரை, அத்தைதான் சொல்லி வரவழைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், முன்சக்கரத்தைக் கழற்றி, காரைக் கற்கள்மேல் நிறுத்தி, பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புக் கையில், இறுக்க இறுக்க அதை வெளியே இழுக்கும் புல்லரை மாட்டி, பொழுது சாயும்வரை மல்லுக்கட்டினார். கை அசையவில்லை.

“துருப் புடிச்சிக்கினு கீதுண்ணா. புல்லரை மாட்டி இறுக்கியே உட்டுட்டுப் போறேன். கிருஷ்ணாயில் ஊத்திக்கினே இருந்தா தானா உட்ரும்,” என்று நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறும் வந்தார், இரும்புக் கை கழன்று வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. “இன்னாடா இது பேஜாரு,” என்று நைனா அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொள்ளாதவள் அத்தை மட்டும்தான். அவர் வரும் நாளில் வடை வாசனை தெருமுனை வரை வரும்.

அவர் போனதும் அத்தை ஸ்பானரை எடுத்துப் புல்லரைத் தளர்த்திவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், “வாரம் பூரா இறுக்கியே வெச்சா இரும்பு ஒடஞ்சிரும்டி,” என்றாள். கம்பெனியில் தினமும் நட்டு முடுக்குகிறவளுக்குத் தெரியாதா என்று நம்பிவிட்டேன். அவரும் தளர்ந்த புல்லரைப் பார்ப்பார். யார் வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிறு காலை, அத்தை கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, ஸ்பானரைப் புல்லரில் மாட்டி முழுப் பலத்தோடு மிதித்தேன். டமார் என்று ஒரு சத்தம். இரும்புக் கை கழன்று தொங்கியது.

நைனா என்னைத் தூக்கிச் சுற்றினார். பாதிப் பின்னலோடு ஓடிவந்த அத்தை, பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஃபிட்டர் வந்ததும் நைனா, “கொயந்த கழட்டிடுச்சி. இனிமே நீ அலைய வாணாம்பா, மீதிய நானே பாத்துக்கறேன்,” என்றார். சாதித்தது நான், இவர் முகம் எதற்குத் தொங்குகிறது என்று எனக்குக் கோபமே வந்தது.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “கை தாண்ணா வந்து கீது. பாக்ஸை எறக்கி, பிரிச்சி, தேஞ்சத மாத்தி, திரும்ப ஏத்தணும். அவசரப்பட்டா ஆவாதுண்ணா,” என்றார்.

நான் ஓவென்று அழுதேன். அத்தையோ எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். அன்றைக்கு எல்லோர் டீயிலும் சர்க்கரை தூக்கல்.

கடைசியில் கார் ஓடத்தான் செய்தது, முதலில் சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு. பின் சீட்டில் மாலையும் கழுத்துமாக அத்தையும் அவரும்; முன் சீட்டில் நான். எனக்காகத்தான் வண்டியைச் சரிசெய்தார்கள், இடம் இருக்கிறதே என்று இவர்கள் இருவரும் தொற்றிக்கொண்டார்கள் என்று நினைத்து, வழியெல்லாம் பெருமையாகக் கை காட்டிக்கொண்டே போனேன்.