பொட்டு வைத்த லென்ஸ்

தேனிப் பக்கம் கம்பத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். படம் எடுப்பதில் பெரிய கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். லென்ஸ் வாங்குவதில் கெட்டிக்காரன். அதைவிட, வாங்கிய லென்ஸின் விலையை வீட்டில் மறைப்பதில்.

என் மனைவி காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். தோட்டத்து வாசலில் நின்று வியாபாரியிடம் கிலோவுக்கு ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்காதவள். அவளிடம் போய், கண்ணாடி பதித்த ஒரு முழக் குழாய் லட்ச ரூபாய்க்கு மேலே என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் எங்கள் பீரோவில் இருந்த மூன்று லென்ஸ்களுக்கும் ஒவ்வொரு கதை உண்டு. முதலாவது, பெரியகுளத்து நண்பர் இரவல் கொடுத்தது. இரண்டாவது, பயன்படுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கம்பெனியில் தந்தது. மூன்றாவது, எர்ணாகுளத்துக் கடைக்காரர் விற்றுத்தரச் சொன்னது, விலை படியாமல் கிடக்கிறது. மூன்றையும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தேன். வருஷக்கணக்காக ஒருவரும் திருப்பிக் கேட்டு வரவில்லையே என்று அவளுக்குத் தோன்றாததை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், தண்ணி மோட்டாரோ மிக்ஸியோ, சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவோம். ஒவ்வொரு லென்ஸ் வந்தபோதும் அவள் குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள். அடுத்தவர் பொருள், பொட்டு வைக்காதே என்று ஒவ்வொரு முறையும் தடுத்தேன். அவளும் சரியென்று சிமிழை மூடிக்கொண்டு போய்விடுவாள்.

போன வருஷம் மச்சினனுக்குக் குழந்தை பிறந்தது. அவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பிள்ளையைப் பார்க்க நானும் அவளும் ஒரு வாரம் போயிருந்தோம். அவள் பிள்ளையைக் கொஞ்சினாள். நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். நெடுநாளாகக் கனவில் வந்துகொண்டிருந்த லென்ஸ் அங்கே ஊர் விலையைவிடக் குறைவு. குறைந்தும் ஒன்றே முக்கால் லட்சம். மச்சினன் வீட்டுக்கு வந்து அவளிடம் இருபதாயிரம் என்றேன். அதற்கே ஒரு பெருமூச்சு விட்டாள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் சாமானுக்கு ஒரு வரம்பு வரைதான் வரி கிடையாது. அதற்கு மேலே போனால் கட்ட வேண்டும். கட்டுவது ஒரு பக்கம். கட்டினால் ரசீது வரும், ரசீதில் விலை வரும், அதை இவள் படிப்பாள். சுங்கத்துக்குப் பயந்ததைவிட நான் இவளுக்குத்தான் பயந்தேன்.

ஆகவே திட்டம் போட்டேன். அட்டைப்பெட்டியையும் பில்லையும் மச்சினன் வீட்டிலேயே விட்டேன். லென்ஸை என் பழைய கேமராவில் மாட்டி, நைந்துபோன வாரைக் கோத்து, பல வருஷமாக உழைத்த பொருள் போல ஆக்கினேன். ஒரு கீறல் போடலாம் என்று சாவியைக்கூட எடுத்தேன், மனசு வரவில்லை. இதில் எதையும் அவளிடம் சொல்லவில்லை. பொய்யை அவள் கையில் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது.

மதுரையில் இறங்கியதும் பையைப் படம் பார்க்கிற இயந்திரத்தில் போட்டார்கள். ஓர் அதிகாரி ஓரமாகக் கூப்பிட்டார். கேமராவை எடுத்துப் பார்த்தவரிடம், ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன், கல்யாண வேலைக்கு என்று கொட்டாவி விடுகிறவன் போலச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே லென்ஸைத் திருப்பினார்.

அடிப்பக்கத்தில், ஸ்டாண்டில் மாட்டுகிற பட்டையில், அழகாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

காலையில் நான் குளிக்கப் போன நேரத்தில் நடந்த வேலை. கண்ணாடியில் வைக்காமல் விட்டாளே என்று ஒரு நொடி நிம்மதி வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"எங்க ஊர்லயும் புதுசுக்குத்தான் சார் பொட்டு வைப்பாக," என்றார் அதிகாரி.

ஆயுத பூஜைக்கு வைத்தது என்றேன். அவர் விரலால் தொட்டுக் காட்டினார். விரலில் சிவப்பு ஒட்டியது. ஆயுத பூஜை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

நான் அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் என் மனைவி முன்னால் வந்தாள். "இல்ல சார், காலையிலதான் வச்சேன். புதுசுதான். இருபதாயிரம் ரூவா." தன் வீட்டுக்காரர் ஏன் உளறுகிறார் என்கிற பார்வை என் பக்கம். இருபதாயிரத்துக்கு வரி கிடையாது என்று தம்பி சொல்லி அவளுக்குத் தெரியும். அதனால் காரியம் முடிந்தது என்கிற தெம்பு அவள் குரலில் இருந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் தன் போனில் லென்ஸின் பெயரைத் தட்டி, திரையைத் திருப்பினார். எனக்கு அல்ல, அவளுக்கு. அவள் விரல் வைத்து இலக்கங்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பன்னிரண்டு வருஷமாக நான் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பியவள். அந்த இடத்தில் நான் வெட்கப்பட்டதுபோல வாழ்க்கையில் வேறெங்கும் வெட்கப்பட்டதில்லை.

கழிக்க வேண்டியதைக் கழித்து, வரி நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. அவள் அறிந்திருந்த விலையைப் போல இரண்டு மடங்கு. கேட்டதும் இந்த அம்மா உண்மையைச் சொன்னதால் மறைத்ததாக எழுதவில்லை என்றார் அதிகாரி. என் கார்டில் பணம் போதவில்லை. அவள் கைப்பையைத் திறந்து தன் கார்டை நீட்டினாள்.

கம்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். உசிலம்பட்டி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே, அந்தப் பெரியகுளத்து இரவல் என்ன விலை என்று கேட்டாள். சொன்னேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் இறங்கும்போது கம்பெனி கொடுத்ததைக் கேட்டாள். அதையும் சொன்னேன். சுங்கத்தில்கூட இவ்வளவு தீர விசாரிக்கவில்லை. தேனி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் ஏறினார். அவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்கினாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. எர்ணாகுளத்து லென்ஸின் விலையை அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

சின்னமனூர் தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கன கேட்ட வரியக் கட்டியாச்சு. எங்கிட்டச் சொன்னதுக்கு என்னத்தக் கட்டப் போறீக?"

தப்புதான் என்றேன். கம்பம் வரும்வரை வெள்ளரிப் பிஞ்சுப் பொட்டலம் அவள் மடியில் பிரிக்காமலே இருந்தது.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் நேராகப் பீரோவைத் திறந்தாள். மூன்று லென்ஸ்களையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். விற்கப் போகிறாளோ, உடைக்கப் போகிறாளோ என்று நான் வாசற்படியிலேயே நின்றேன். அவள் உள்ளே போய்ச் சந்தனம் குழைத்து, குங்குமச் சிமிழோடு வந்தாள்.

அதெல்லாம் பழசுதானே என்றேன். அன்றைக்கு நானாகச் சொன்ன இரண்டாவது உண்மை அது.

அவள் நிமிராமல் முதல் பொட்டை வைத்தாள். "எனக்கு இன்னைக்குத்தான வீட்டுக்கு வந்திருக்கு."